டிக் அசைவுகளும் மருந்தின் அளவும்

கண்ணை அடிக்கடி இறுக்கிச் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, கழுத்தை ஒரு பக்கமாக வெட்டி இழுப்பது, சளி இல்லாமலே தொண்டையைச் செருமுவது, மூக்கை உறிஞ்சுவது என, திடீரென்று தோன்றி நொடிப்பொழுதில் முடிந்து, தாள ஒழுங்கு எதுவுமின்றி மீண்டும் மீண்டும் வருகிற அசைவுகளையும் ஒலிகளையும் மருத்துவம் ‘டிக்’ என்ற பெயரால் குறிக்கிறது. 18 வயதுக்கு முன் தொடங்கி, பலவகை அசைவு டிக்குகளும் குறைந்தது ஓர் ஒலி டிக்கும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அந்த நிலைக்கு டூரெட் நோய்க்குறி என்று பெயர். டிக் வருவதற்குச் சற்று முன் அந்த இடத்தில் ஓர் இறுக்கமோ குறுகுறுப்போ எழுவதாகவும், அசைத்து முடித்தால்தான் அது அடங்குவதாகவும் வளர்ந்த குழந்தைகள் பலர் விவரிக்கிறார்கள். தும்மலை அடக்குவதுபோல அதையும் சிறிது நேரம் அடக்கி வைக்க முடியும் என்பதால்தான், வகுப்பறையில் ஓரளவு அமைதியாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் விடாமல் தோளைக் குலுக்கும் குழந்தையைப் பார்த்து, வேண்டுமென்றே செய்கிறான் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த அசைவுகளைக் குறைக்க மருந்துகள் உண்டு. முறையாகப் பயன்படுத்தினால் அவை பலருக்கு நல்ல நிவாரணம் தருகின்றன. ஆயினும் அவற்றால் நேரும் தீங்குகளைக் கூர்ந்து பார்த்தால், மருந்தின் இயல்பால் வருபவற்றோடு, அவசரமாகத் தொடங்குவதாலும், அவசரமாக அளவைக் கூட்டுவதாலும், அவசரமாக நிறுத்துவதாலும் வருபவையும் கணிசமாக இருப்பது தெரியவரும். முதல் வகையை மருத்துவர்தான் கணித்து எச்சரிக்க வேண்டும். இரண்டாம் வகையைத் தவிர்ப்பது பெரும்பாலும் குடும்பத்தின் கையில் இருக்கிறது என்பதால், அதைப் பற்றி விரிவாக அறிந்துகொள்வது பயனுள்ளது.

டிக்குகளின் போக்கை அறியாமல் மருந்தின் பலனை மதிப்பிட இயலாது. பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கும் டிக், 10 முதல் 12 வயதளவில் உச்சத்தை அடைந்து, பதின்பருவத்தின் பிற்பகுதியில் பெரும்பாலோருக்குக் கணிசமாகத் தணிந்துவிடுகிறது. இந்த நீண்ட வளைவுக்குள்ளேயே சிறு ஏற்ற இறக்கங்களும் இருக்கின்றன: சில வாரங்கள் பொங்கி எழும், சில வாரங்கள் ஏறத்தாழ மறைந்தேபோகும்; கண்ணில் இருந்தது கழுத்துக்கு மாறும்; தேர்வு, தூக்கக் குறைவு, காய்ச்சல், திருவிழா வீட்டின் பரபரப்பு ஆகியவற்றால் கூடும். பெற்றோர் மருத்துவரைத் தேடிப் போவது டிக் மிகவும் மோசமாக இருக்கும் வாரத்தில்தான் என்பதால், அன்று எந்த மருந்தைத் தொடங்கினாலும், ஏன், வெறும் சர்க்கரை உருண்டையைக் கொடுத்தாலும்கூட, அடுத்த சில வாரங்களில் டிக் தானாகத் தணிந்து, அந்தப் பெருமை மருந்தைச் சேர்ந்துவிடக்கூடும். அதே காரணத்தால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மருந்து, இயல்பான ஓர் ஏற்றத்தின்போது, பலிக்காத மருந்து என்று பழி சுமந்து நிறுத்தப்படுவதும் உண்டு. ஒரு வார அனுபவத்தைக் கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

டிக் இருப்பதே மருந்துக்குப் போதிய காரணம் ஆகாது. அமெரிக்க நரம்பியல் கழகம் 2019-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதல், அன்றாட வாழ்வுக்கு இடையூறு செய்யாத டிக்குகளை மருந்தின்றிக் கவனித்துவருவது ஏற்கத்தக்கது என்றும், சிகிச்சை தேவைப்படும்போது நடத்தைப் பயிற்சியை முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்றும் கூறுகிறது. டிக் வரப்போகும் உணர்வை அடையாளம் கண்டு, அதற்கு எதிரான வேறோர் அசைவைச் செய்து அது கடந்துபோகும்வரை காத்திருக்கப் பழக்குவதே இந்தப் பயிற்சியின் உட்கரு. 9 முதல் 17 வயது வரையிலான 126 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 10 வாரங்களில் 8 அமர்வுகளாக இதைப் பெற்றவர்களில் 52.5 விழுக்காட்டினர் தெளிவான முன்னேற்றம் கண்டனர். வெறும் ஆலோசனையும் ஆதரவும் பெற்ற மற்றொரு குழுவில் அந்த அளவு 18.5 விழுக்காடு. பயிற்சி பெற்ற உளவியலாளர் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை என்பது உண்மையான தடைதான். எனினும் அந்தத் தடையை மனத்தில் கொண்டு மருந்தைத் தேர்வதும், இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் மருந்தைத் தொடங்குவதும் ஒன்றாகிவிடா.

கழுத்தை வெட்டி இழுத்து வலி நிலைப்பது, கண்ணை அழுத்திக் காயப்படுத்திக்கொள்வது, எழுதவோ படிக்கவோ முடியாமல் போவது, தூங்க முடியாமல் தவிப்பது, பள்ளிக்குப் போகவே அஞ்சி ஒடுங்குவது ஆகிய நிலைகளில் மருந்து தேவைப்படலாம். விருந்தினர் முன்னிலையில் பெற்றோருக்கு ஏற்படும் கூச்சம் இந்த வரிசையில் சேராது. மாத்திரையை விழுங்கப்போவதும் அதன் பக்கவிளைவுகளைத் தாங்கப்போவதும் குழந்தையே என்பதால், உனக்கு எது மிகவும் தொந்தரவாக இருக்கிறது என்ற கேள்வி முதலில் அந்தக் குழந்தையிடம் கேட்கப்பட வேண்டும். பல வேளைகளில், பெற்றோரைக் கலங்கச் செய்யும் டிக்கைக் குழந்தை பொருட்படுத்துவதே இல்லை. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும், ஒரே எண்ணத்தில் மனம் சிக்கிக்கொள்ளும் எண்ணச் சுழற்சி நோயும் டூரெட்டோடு அடிக்கடி சேர்ந்து வருவதால், படிப்பைக் கெடுப்பது டிக்கா அவற்றில் ஒன்றா என்பதையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

பாரிஸ் நகரின் சால்பெத்ரியே மருத்துவமனையைச் சேர்ந்த ஜார்ஜ் ஜீல் த லா டூரெட், 9 நோயாளிகளின் நிலையை விவரித்துக் கட்டுரை வெளியிட்டது 1885-இல். அதன்பின் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் பயன்தரும் மருந்து எதுவும் இன்றி, அடக்கிவைத்த மன உணர்வுகளே இதற்குக் காரணம் என்ற விளக்கம் ஓங்கியிருந்தது. பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வுக்கூடத்தில் 1958-இல் உருவாக்கப்பட்ட ஹாலோபெரிடால், பிரான்சில் 1961-இல் ஒரு டூரெட் நோயாளிக்குப் பலன் அளித்தது. 1968-இல் ஆர்தர் ஷாபிரோவும் எலைன் ஷாபிரோவும் தங்கள் சிகிச்சை அனுபவத்தை எழுதிய பிறகு, இது மூளை நரம்புகளின் செயற்பாடு தொடர்பான நோய் என்ற பார்வை வலுப்பெற்றது. அசைவுகளைத் தொடங்கவும் தடுக்கவும் உதவும் மூளையின் உட்கருக்களில் டோபமைன் என்ற வேதித் தூதின் செயல் மிகுந்திருப்பதை இந்த மருந்து மட்டுப்படுத்துகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். நோயின் வேரை அது அகற்றுவதில்லை; மருந்து உடலில் இருக்கும்வரை அசைவைத் தணிக்கிறது, அவ்வளவே. டிக்கின் கடுமையை அளக்கும் யேல் அளவுகோலில் (உச்ச மதிப்பெண் 50) ஒருவருக்கு இருந்த மதிப்பெண்ணில் கால் பங்கு குறைந்தாலே அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்று ஆய்வாளர்கள் கொள்வதை இங்கே நினைவில் நிறுத்த வேண்டும். ஒரு டிக்கும் மிஞ்சக்கூடாது என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சை, பலன் கூடாமல் பக்கவிளைவு மட்டும் கூடும் கட்டத்துக்கு விரைவில் வந்துவிடுகிறது.

ஒரு சிறிய அளவு எத்தனை பெரிய மாற்றத்தைச் செய்யக்கூடும் என்பதை, நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 1985-இல் வெளியிட்ட நூலில் ரே என்ற பெயரால் குறிப்பிடும் இளைஞரின் கதை காட்டுகிறது. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குக் கால் மில்லிகிராம் ஹாலோபெரிடால் தொடங்கப்பட்ட ரே, ஒரு வாரத்தில் முகத்தில் காயங்களோடும் உடைந்த மூக்கோடும் திரும்பி வந்தார். சுழல்கதவுகளுக்குள் மின்னல்போல் புகுந்து வெளியேறுவது அவருடைய பழைய விளையாட்டு. மருந்து அவருடைய வேகத்தையும் காலக்கணிப்பையும் மாற்றிவிட்டதை உடல் அறியுமுன் அவர் அதே விளையாட்டில் இறங்கியிருந்தார். மூன்று மாதம் பேசித் தயார்செய்த பின் அதே மருந்து மீண்டும் கொடுக்கப்பட்டபோது அது நன்றாகவே பலித்தது. ஆனாலும் வார இறுதிகளில் ஜாஸ் இசைக்குழுவில் முரசு வாசிக்கும் அவர், தம் வாசிப்பின் துடிப்பு மங்கிவிட்டதை உணர்ந்து, வேலைநாள்களில் மருந்தும் வார இறுதியில் மருந்தின்மையும் என்ற ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். மருத்துவரோடு கலந்து ஒருவருக்கு அமைந்த அந்த ஏற்பாட்டைப் பிறர் தாமாகப் பின்பற்றுவது ஆபத்தானது. குறிப்பாக அடுத்து வரும் மருந்து வகையில் அது உயிருக்கே கேடாகலாம்.

அந்த வகையில் முதன்மையானது குளோனிடின். முதலில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கப் பயன்பட்ட இந்த மருந்தும், இதன் இனத்தைச் சேர்ந்த குவான்ஃபசினும், டோபமைனை நேரடியாகத் தடுக்காமல் மூளையின் விழிப்புத் தூண்டலைத் தணிப்பதன் வழியே டிக்கைக் குறைக்கின்றன; கவனக்குறைவும் சேர்ந்திருக்கும் குழந்தைக்கு இரண்டுக்குமே உதவுவதால், மருந்து தேவைப்படும்போது இவை பெரும்பாலும் முதலில் பரிசீலிக்கப்படுகின்றன. தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றல், நாடித்துடிப்புக் குறைதல் ஆகியவை இவற்றின் பொதுவான விளைவுகள் என்பதால் தொடக்கத்திலும் அளவு மாறும்போதும் இரத்த அழுத்தத்தையும் நாடியையும் பார்க்க வேண்டும். பெரிய ஆபத்து நிறுத்துவதில் இருக்கிறது. மாத்திரை தீர்ந்துபோய்விட்டது, ஊருக்குப் போகையில் எடுத்துப்போக மறந்துவிட்டது, வாந்தி எடுத்ததால் இரண்டு நாள் கொடுக்கவில்லை என்பன போன்ற சாதாரணக் காரணங்களால் குளோனிடின் திடீரென நின்றால், அதுவரை அடங்கியிருந்த இரத்த அழுத்தம் சட்டென உயர்ந்து, படபடப்பு, கடும் தலைவலி, வியர்வை, பதற்றம் ஆகியவை ஏற்படலாம். ஆகவே கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கி வைத்திருப்பதும், ஒரு நாளுக்கு மேல் மருந்து உள்ளே தங்கவில்லை என்றால் மருத்துவரை உடனே அழைப்பதும் இந்த மருந்துக்குக் கட்டாயம்.

குளோனிடினின் அளவு மைக்ரோகிராமில் சொல்லப்படுவது இன்னொரு தவறுக்கு வழிவிடுகிறது. ஒரு மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். மாத்திரையின் மீது 100 மைக்ரோகிராம் என்று அச்சிடப்பட்டிருப்பதும் மருந்துச் சீட்டில் 0.1 மில்லிகிராம் என்று எழுதப்படுவதும் ஒரே அளவுதான். குழந்தைக்கு அரை மாத்திரையிலிருந்து தொடங்கப்படும் நிலையில், ஒரு புள்ளி இடம் மாறிப் படிக்கப்பட்டால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஹாலோபெரிடாலிலும் 0.25 மில்லிகிராம் மாத்திரைக்கும் 1.5 மில்லிகிராம் மாத்திரைக்கும் ஆறு மடங்கு வேறுபாடு இருக்கிறது. கடையில் வேறு நிறுவனத்தின் மாத்திரையை மாற்றித் தரும்போதெல்லாம், பெயரைப் படிப்பதோடு நில்லாமல் பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்து எண்ணையும் அலகையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாத்திரையைப் பாதியாக்க நடுக்கோடு உள்ள மாத்திரையும் மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டியும் போதும். கத்தியால் வெட்டிச் சிதறியவற்றைக் கண்ணளவில் பங்கிடுவது, இத்தனை சிறிய அளவுகளில் பொருந்தாது. மெதுவாகக் கரைந்து நாள் முழுதும் வேலை செய்யும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை வெட்டவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலக்கும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் குளோனிடினைப் பூட்டித்தான் வைக்க வேண்டும்: ஒற்றை மாத்திரைகூடச் சிறு குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, நாடியையும் மூச்சையும் தாழ்த்திவிடும்.

டோபமைனைத் தடுக்கும் மருந்துகள் டிக்கை இன்னும் வலுவாகக் குறைக்கின்றன. அவற்றின் பக்கவிளைவுகளும் கூடுதல். ஹாலோபெரிடால், பிமோசைடு, அரிபிப்ரசோல் ஆகிய மூன்றும் டூரெட்டுக்கென்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றவை. ரிஸ்பெரிடோனும் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. டோபமைனை முழுவதும் தடுக்காமல் ஓரளவு தூண்டிக்கொண்டே மட்டுப்படுத்தும் தன்மையால், அரிபிப்ரசோல் இப்போது இந்த வகையில் பல மருத்துவர்களின் முதல் விருப்பமாக இருக்கிறது. இந்த மருந்துகளின் உறையைப் பிரித்துப் படிக்கும் பெற்றோர், மனச்சிதைவுக்கான மருந்து என்ற வரியைக் கண்டு அதிர்ந்து, மருத்துவரிடம் கேட்காமலே நிறுத்திவிடுவது உண்டு; அது புரிந்துகொள்ளத்தக்க அச்சம்தான். ஒரே மருந்து வெவ்வேறு அளவுகளில் வெவ்வேறு நோய்களுக்குப் பயன்படுவது மருத்துவத்தில் இயல்பு. டிக்குக்குக் கொடுக்கப்படும் அளவு பெரும்பாலும் மனச்சிதைவுக்கான அளவைவிடக் குறைவு. இதை மருந்துச் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை.

இவ்வகை மருந்துகளின் பக்கவிளைவுகள் காலத்தைப் பொறுத்து மூன்று கட்டங்களாக வருகின்றன. தொடங்கிய அல்லது அளவு கூட்டிய முதல் சில நாள்களில் தசைகள் திடீரென முறுக்கிக்கொள்ளலாம்: கழுத்து ஒரு பக்கம் திருகி நிற்கும், நாக்குத் தடித்து வெளியே தள்ளும், கண்விழிகள் மேலே செருகிக்கொள்ளும். பார்ப்பவரை நடுங்கச் செய்யும் இந்த நிலை, மருத்துவமனையில் தகுந்த ஊசி போட்டால் விரைவில் தளர்ந்துவிடும். மூச்சுத்திணறல் சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக்கூடாது. வாரங்களும் மாதங்களும் செல்லும்போது பசி பெருகி எடை கூடுவது, சர்க்கரையும் கொழுப்பும் உயர்வது, ரிஸ்பெரிடோன் போன்றவற்றில் புரோலாக்டின் என்ற இயக்குநீர் மிகுந்து சிறுவர்களுக்கு மார்பு பெருப்பதும் சிறுமிகளுக்கு மாதவிடாய் தவறுவதும் நேரலாம். இவற்றைப் பற்றிப் பதின்வயதினர் தாமாக வாய் திறக்கமாட்டார்கள் என்பதால் மருத்துவரே தனியாகக் கேட்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உண்பவர்களில் சிலருக்கு உதடும் நாக்கும் தாடையும் மெல்லுவதுபோல் தாமாக அசையத் தொடங்கலாம். டிக் உள்ளவர்களில் இது அரிது என்றாலும், மருந்தை நிறுத்திய பின்பும் நிலைத்துவிடக்கூடியது என்பதால், எடை, இடுப்பளவு, இரத்தச் சோதனை ஆகியவற்றோடு இந்த அசைவுகளுக்கான பரிசோதனையும் குறித்த இடைவெளியில் நடக்க வேண்டும்.

இவற்றுள் மிக எளிதாகத் தவறவிடப்படுவது, உட்கார முடியாத அமைதியின்மை. மருந்து தொடங்கிய சில நாள்களில், குழந்தை நாற்காலியில் நெளிகிறது, கால்களை மாற்றி மாற்றி வைக்கிறது, எழுந்து நடக்கிறது, எரிச்சலோடு அழுகிறது. டிக் கூடிவிட்டது என்று எண்ணி அளவை உயர்த்தினால், அமைதியின்மைக்குக் காரணமான அதே மருந்து மேலும் கூடி, குழந்தை இன்னும் தவிக்கிறது. அதைக் கண்டு மறுபடியும் அளவு கூடுகிறது. புதிய அசைவு எதைக் கண்டாலும் அதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்து, மருந்து தொடங்கிய நாளையும் அளவு மாறிய நாளையும் குறித்து மருத்துவரிடம் காட்டுவது இந்தச் சுழலை உடைக்கும். மருத்துவர் முன்னால் குழந்தை டிக்கை அடக்கிக்கொள்ளும் என்பதாலும் இந்தப் படம் தேவையாகிறது. இதேபோல், மருந்து தொடங்கிய பிறகு திடீரெனப் பள்ளிக்குப் போக மறுப்பதும் தாயை விட்டு நகராததும் பிடிவாதமாகத் தோன்றினாலும், ஹாலோபெரிடாலின் விளைவாக இவ்வித அச்சம் ஏற்பட்டது 1981-லேயே பதிவாகியிருக்கிறது.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதற்குப் பிமோசைடைப்போல் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். ஒவ்வொரு துடிப்புக்கும் பின் இதயம் மின்னளவில் மீளும் நேரத்தை அது நீட்டக்கூடும். அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு ஒழுங்கு குலைந்து திடீர் மரணம் நேரலாம். அதனால் தொடங்குமுன்னும் இடையிடையேயும் இ.சி.ஜி. எடுப்பது இன்றியமையாதது, குடும்பத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பிமோசைடைக் கல்லீரலில் சிதைக்கும் நொதிகளை வேறு சில மருந்துகள் முடக்கிவிடுவதால் அது இரத்தத்தில் தேங்குகிறது: கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்து உண்ட இருவர் திடீரென இறந்ததை அடுத்து, அந்தச் சேர்க்கை தடைசெய்யப்பட்டது. அசித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்கான இட்ராகோனசோல், மனச்சோர்வுக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் தரப்படும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் ஆகியவையும் பிமோசைடோடு சேரக்கூடாதவை. தொண்டை வலிக்கும் காய்ச்சலுக்கும் அசித்ரோமைசினைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் நம் ஊர்களில் எவ்வளவு சாதாரணம் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த எச்சரிக்கையின் கனம் விளங்கும்.

பிமோசைடு உண்ணாதவர்களும் இதில் முற்றிலும் விலக்குப் பெற்றவர்கள் அல்லர். மனச்சோர்வுக்கான ஃபுளுவாக்சடினும் பராக்சடினும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடியவை. வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடும் டோபமைனைத் தடுப்பதே. ஏற்கெனவே ஹாலோபெரிடால் உண்ணும் குழந்தைக்கு அதைச் சேர்த்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும் வாய்ப்புக் கூடுகிறது. தூக்கம் தரும் சளி மருந்துகள் குளோனிடினின் மயக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே பல் மருத்துவர், தோல் மருத்துவர், தெருமுனைக் கிளினிக் என யாரிடம் போனாலும், டிக்குக்கான மருந்தின் பெயரும் அளவும் எழுதிய தாளை முதலில் நீட்ட வேண்டும். சித்த மருந்தோ மூலிகைப் பொடியோ சேர்த்துக் கொடுக்கப்பட்டால் அதையும் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டு விழுமோ என்று மறைத்தால், வந்த தீங்கு எதனால் வந்தது என்று கண்டறியும் வழியே அடைபட்டுப்போகும். இதற்கு மாறாக, வீணான அச்சமும் ஒன்று உண்டு. கவனக்குறைவுக்கான மெத்தில்ஃபெனிடேட் டிக்கைத் தூண்டிவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 136 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2002-இல் வெளிவந்த ஆய்வில், அதை உண்டவர்களுக்கும் மருந்தில்லா மாத்திரை உண்டவர்களுக்கும் டிக் கூடியதில் பொருட்படுத்தும் வேறுபாடு காணப்படவில்லை.

வேறு சில மருந்துகளைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். வலிப்புக்கான டோபிரமேட்டும் டிக்கைக் குறைக்கக்கூடியது. எடை கூட்டாதது அதன் நன்மை, சொல் நினைவுக்கு வராமல் தடுமாறச் செய்வதும் சிறுநீரகக் கல்லும் அதன் தீமைகள். குழந்தைகளுக்கு வியர்வை சுரப்பதை அது குறைத்து உடல் சூட்டை ஏற்றிவிடலாம் என்பதால், சித்திரை வெயிலில் மைதானத்தில் விளையாடும் பிள்ளைக்குத் தண்ணீரும் நிழலும் சிகிச்சையின் பகுதியாகிவிடுகின்றன. கருவுற்ற பெண் உண்டால் சிசுவுக்கு உதட்டுப்பிளவு நேரும் அபாயம் இருப்பதால் இளம்பெண்களிடம் இதை முன்கூட்டியே பேச வேண்டும். டெட்ராபெனசின் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் ஏற்படுத்தக்கூடியது. ஏற்கெனவே சோர்வுற்றிருப்பவருக்கு அது உகந்ததன்று. கழுத்து, கண் என ஓரிடத்தில் மட்டும் கடுமையாக வரும் டிக்குக்குப் போட்டுலினம் ஊசி அந்தத் தசையைச் சுமார் மூன்று மாதம் தளர்த்தி வைக்கிறது.

நாள்தோறும் மருந்து கொடுக்கும் முறை சலிப்பூட்டும் அளவுக்கு ஒரேபோல் இருப்பதே நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எதனால் என்ன விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அரிபிப்ரசோல் உடலிலிருந்து பாதியளவு குறையவே சுமார் 75 மணி நேரம் ஆகிறது. ஓர் அளவின் முழுப் பலன் நிலைகொள்ள ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை என்பதால், மூன்றாம் நாளே மருந்து பலிக்கவில்லை என்று சொல்லுவதற்கு அடிப்படையே இல்லை. ஒரு வேளை தவறினால் இரண்டு வேளை மருந்தை ஒன்றாகக் கொடுக்கக்கூடாது; அடுத்த வேளை நெருங்கிவிட்டதா என்பதைப் பொறுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தந்த மருந்துக்கு மருத்துவர் முன்பே எழுதித் தந்திருக்க வேண்டும். நாட்குறிப்பில் டிக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பது குழந்தையின் கவனத்தை அவற்றின்மேலேயே குவித்து, அவற்றைக் கூட்டிவிடும். வாரத்துக்கு ஒருமுறை, டிக், தூக்கம், பசி, எடை, மனநிலை, பள்ளி ஆகியவற்றைச் சில சொற்களில் குறித்தால் போதுமானது. இரு சக்கர வண்டி ஓட்டும் இளைஞர் புதிய அளவு தமக்குத் தூக்கம் தருகிறதா என்று தெரியும்வரை வண்டியை எடுக்கக்கூடாது. மது இந்த மருந்துகளோடு சேரக்கூடாது.

கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் குழப்பமும் சேர்ந்து வந்தால், மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கினால், எழுப்ப முடியாத தூக்கத்தில் ஆழ்ந்தால், சாக வேண்டும் என்று பேசினால், மறுநாள் சந்திப்புக்குக் காத்திருக்காமல் மருந்து அட்டைகளோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

டிக் பல மாதங்கள் அடங்கியிருக்கும்போது, அது மருந்தாலா வயதாலா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை காண ஒரே வழி, திட்டமிட்டு மருந்தைக் குறைத்துப் பார்ப்பது. தொடங்கிய மருந்தை ஆண்டுக்கணக்கில் கேள்வியின்றித் தொடர்வதும் ஒருவகைக் கவனக்குறைவே என்பதால், மருந்து இன்னும் தேவையா என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் பெற்றோர் எழுப்பலாம். பொதுத்தேர்வும் புதிய பள்ளியும் இல்லாத அமைதியான காலமே இதற்கு உகந்தது. குளோனிடினைச் சிறிது சிறிதாகவும், டோபமைனைத் தடுக்கும் மருந்துகளை வாரக்கணக்கிலும், நெடுநாள் உண்டவர்களுக்கு மாதக்கணக்கிலும் படிப்படியாக இறக்க வேண்டும். குறைக்கும்போது டிக் தற்காலிகமாகப் பொங்கலாம். இதுவரை இல்லாத வாய் அசைவுகளோ கைவிரல் நெளிவுகளோ தலைகாட்டலாம். அவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமே அடங்குபவை. அவற்றைக் கண்டு பழைய அளவுக்குத் தாவாமல், படம்பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த படி இறங்குவதா, அதே படியில் சில வாரம் நிற்பதா என்பதை மருத்துவரோடு முடிவு செய்ய வேண்டும்.